யாரோடு ஒப்பிட்ட புள்ளி? – இலங்கைத் தரப்படுத்தலின் வரலாறு

மருத்துவக் கல்விக்கு 250, 229. பேராதனையில் பொறியியல் பயில 250, 227. கட்டுபெத்தையில் பொறியியல் பயில 232, 212. 1971-ஆம் ஆண்டில் இலங்கையின் உயர்கல்விக் கூடங்களுக்கு மாணவரைத் தெரிந்தெடுத்தபோது வரையப்பட்ட எல்லைக்கோடுகள் இவை. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து மொத்தம் 400 மதிப்பெண். ஒவ்வோர் இணையிலும் முதலில் நிற்கும் எண், தமிழ் மொழிமூலம் தேர்வெழுதியவர் எட்டவேண்டிய குறைந்த அளவு. அடுத்து நிற்பது, சிங்கள மொழிமூலம் எழுதியவர் எட்டவேண்டியது. தேர்வு ஒன்றே. தெரிவான பின்னர் இருசாராரும் சென்று அமர்ந்ததும் ஒரே வகுப்பறையில்தான். அங்கே மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே பயிற்றப்பட்டன.

இந்த 21 மதிப்பெண் இடைவெளியைத் தொடர்ந்து ஈழத்துத் தமிழில் வந்து அமர்ந்த சொல் 'தரப்படுத்தல்.' புள்ளியியல் பயின்றவருக்கு அது மாசற்ற ஒரு கலைச்சொல். யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவரிடம் அதே சொல்லை உச்சரித்துப் பார்த்தால், மருத்துவராக வேண்டியிருந்து வேறெதுவோ ஆகிப்போன ஒரு தம்பியின் கதையோ, ஊரை விட்டுப் போன ஒரு மகனின் கதையோதான் விடையாக வரும். ஒரே சொல் இருவேறு பொருள் கொண்டது எப்படி என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம். இன்று பல நாடுகளிலும் பிள்ளைகளின் எதிர்காலம் தரப்படுத்திய புள்ளிகளால் தீர்மானிக்கப்படுகிறது. ஆதலின் இது ஈழத்தாரின் பழங்கதை மட்டும் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்வோம். நம் வழக்கில் மதிப்பெண் எனப்படுவதை ஈழத்தார் 'புள்ளி' என்பர். ஒரு மாணவர் 65 புள்ளி பெற்றார் என்றால் அந்த எண் தனித்து நின்று நமக்கு எதையும் சொல்வதில்லை. பௌதிகவியல் வினாத்தாள் கடினமாக அமைந்து, எழுதியோர் அனைவரின் சராசரியும் 35 ஆக இறங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். உயிரியல் எளிதாக அமைந்து சராசரி 55 என்று இருக்கட்டும். பௌதிகவியலில் 65 பெற்றவர் தம் கூட்டத்தின் நடுவிலிருந்து 30 புள்ளி மேலே நிற்கிறார். உயிரியலில் 65 பெற்றவரோ 10 புள்ளிதான் மேலே நிற்கிறார். இன்னும் ஒரு படி உண்டு. எல்லோருடைய புள்ளிகளும் சராசரியை ஒட்டி நெருங்கிக் குவிந்திருக்கின்றனவா, அன்றி விலகிச் சிதறிக் கிடக்கின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும். அச்சிதறலை அளக்கும் கோலைத் திட்ட விலக்கம் என்கிறோம். நியம விலகல் என்பது ஈழத்து வழக்கு. பௌதிகவியலின் விலக்கம் 15 என்றும், உயிரியலின் விலக்கம் 10 என்றும் கொண்டால், முன்னவர் நடுவிலிருந்து 2 விலக்கம் மேலே. பின்னவர் 1 விலக்கம் மேலே. ஒரே 65 ஓரிடத்தில் 2 ஆயிற்று, மற்றோரிடத்தில் 1 ஆயிற்று. தரப்படுத்திய புள்ளி என்பது இவ்வளவே. பெற்ற புள்ளியிலிருந்து கூட்டத்தின் சராசரியைக் கழித்து, விலக்கத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். பள்ளிச் சிறுவனும் செய்துவிடக் கூடிய கணக்கு.

இக்கணக்கின் கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டில் கால்டன், பியர்சன் முதலியோரால் செப்பமடைந்தவை. அவற்றைக் கல்லூரிச் சேர்க்கையில் பெருமளவில் புகுத்தியது அமெரிக்கா. அங்கே 'எஸ்.ஏ.டி.' என்னும் தேர்வு 1926-ஆம் ஆண்டு தொடங்கியது. அதனை உருவாக்கிய பிரிகாம் என்பார், 1923-இல் இனங்களின் அறிவுத்திறனை ஏற்றத்தாழ்வாக அடுக்கி ஒரு நூல் எழுதியவர். 1930-இல் தம் முடிவுகள் அடிப்படையற்றவை எனத் தாமே எழுதி விலக்கிக்கொண்டவர். தேர்வு மட்டும் விலகவில்லை! 1941-இல் அத்தேர்வை எழுதிய ஏறத்தாழப் பத்தாயிரம் மாணவரின் சராசரியை 500 என்றும், அவர்களின் விலக்கத்தை 100 என்றும் நிறுவினார்கள். அதன்பின் வந்த தேர்வுகளெல்லாம் அந்தப் பத்தாயிரவரோடு பொருத்தியே அளக்கப்பட்டன. 1995 வரை இந்நிலை நீடித்தது. ஐம்பதாண்டுகள் கழித்துத் தேர்வெழுதிய ஒரு தொழிலாளியின் மகள், 1941-இல் வடகிழக்கு மாநிலங்களின் தனியார் கல்லூரிகளை நாடிய வசதிபடைத்த வீட்டுப் பிள்ளைகளோடு தன்னை அறியாமலே ஒப்பிடப்பட்டாள் என்பது இதன் பொருள்.

கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் கணிதத்தின் வேலை. எந்தக் கூட்டத்தின் சராசரியைக் கழிப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. அதை மனிதர் உட்கார்ந்து முடிவுசெய்கிறார்கள். இலங்கையில் நிகழ்ந்தது அனைத்தும் இம்முடிவின் விளைவே என்பது நம் கருத்து.

ஆய்வுகூடம் இருந்த ஊரும் இல்லாத ஊரும்

1970-ஐ விளங்கிக்கொள்ள அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னே செல்லவேண்டும். அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென ஒரு செமினரி அமைத்தனர். அவர்களுக்கு எதிராக எழுந்த ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் கண்டார். இருசாராரும் போட்டியிட்டுப் பள்ளிகள் எழுப்பியதன் நற்பயனை அந்தக் குடாநாடு நெடுங்காலம் அனுபவித்தது. ஆறில்லாத, மழை குறைந்த அம்மண்ணில் பயிர் செய்து பிழைப்பதைவிட, படித்து அரசுப் பணி தேடுவதே உறுதியான பிழைப்பாக இருந்தது. விஞ்ஞானம் கற்பிக்கும் பள்ளிகளும், அவற்றுக்குரிய ஆய்வுகூடங்களும், பழகிய ஆசிரியர்களும் அங்கே நிலைபெற்றுவிட்டனர். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இதே வசதிகள் இருந்தன.

கண்டி மலைநாட்டின் உட்கிராமங்களிலும், அநுராதபுரம், மொனராகலை போன்ற வறண்ட பகுதிகளிலும் நிலை வேறு. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. மத்திய கல்லூரிகள் எழுந்தன. கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள் திரள்திரளாகப் பள்ளிக்குள் வந்தனர். ஆனால் அவர்கள் கற்றது பெரும்பாலும் கலைப்பாடங்களே. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. கலைப் பட்டம் பெற்று வேலையின்றி அலைந்த இளைஞர் கூட்டம் பெருகியது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் துப்பாக்கி ஏந்தியோரில் கிராமத்துப் படித்த இளைஞர் மிகப் பலர் என்பதை ஆட்சியாளர் மறக்கவில்லை.

முஸ்லிம்களின் நிலை இன்னொரு வகை. வணிகமும் வேளாண்மையும் கைகொடுத்ததால் ஆங்கிலக் கல்வியைப் பொருட்படுத்தாதிருந்த சமுதாயம், சித்திலெப்பை அவர்களின் உழைப்பாலும், அன்று இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவின் ஊக்கத்தாலும் விழித்தது. மருதானையில் 1892-இல் எழுந்த மத்ரஸாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. டி.பி. ஜாயா, ஏ.எம்.ஏ. அஸீஸ் ஆகிய இரு அதிபர்களின் காலம் அதன் பொற்காலம். ஏழை மாணவர் உயர்கல்வி பெற அஸீஸ் அவர்கள் முன்னின்று 1945-இல் கல்விச் சகாய நிதியையும் நிறுவினார்கள். ஆயினும், கொழும்புக்கு வெளியே, குறிப்பாகக் கிழக்கிலும் மன்னாரிலும், விஞ்ஞானக் கல்வி அரும்பொருளாகவே இருந்தது. மூதூர், கிண்ணியா, காத்தான்குடி, அக்கரைப்பற்று, எருக்கலம்பிட்டி ஆகிய ஊர்களின் பிள்ளைகள் தமிழிலேயே படித்தனர், தமிழிலேயே தேர்வெழுதினர். இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்; சற்று நேரத்தில் இவ்விடத்திற்கே திரும்பி வருவோம்.

1942-இல் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் இருந்தவரை, தேர்வெழுதியோர் எல்லோரும் ஒரே கூட்டம். அறுபதுகளில் தாய்மொழிக் கல்வி படிப்படியே உயர்தரம் வரை வந்ததும் ஒன்றாய் இருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தமிழ் விடைத்தாள்களைத் தமிழாசிரியர் திருத்தினர், சிங்கள விடைத்தாள்களைச் சிங்கள ஆசிரியர் திருத்தினர். தமிழ்த் தேர்வாளர்கள் தம் பிள்ளைகளுக்கு அள்ளி வழங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. அது மெய்ப்பிக்கப்படவில்லை. இருப்பினும், ஐயம் தோன்றுவதற்கு இடமளித்த ஏற்பாடு அது என்பதை ஒப்பத்தான் வேண்டும். இருவேறு மொழியில், இருவேறு தேர்வாளர் இட்ட புள்ளிகளை ஒரே வரிசையில் நிறுத்துவது எந்நாட்டிலும் தொல்லையான வேலை. ஐயம் தீர வழியும் இருந்தது: இருமொழியும் அறிந்தவரைக் கொண்டு, இருபக்கமும் சில விடைத்தாள்களை எடுத்து மறுமுறை திருத்திப் பார்க்கலாம். அரசு தெரிந்தெடுத்த வழி வேறு.

மொழிக்கொரு சராசரி

1971-இல் வெறும் எல்லைக்கோட்டு வேறுபாடாக இருந்தது, 1973-இல் கணித உடை அணிந்து வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் தமிழ் மொழிமூலம் எழுதியோருக்கு ஒரு சராசரி, சிங்கள மொழிமூலம் எழுதியோருக்கு ஒரு சராசரி என்று பிரித்து, இரண்டையும் பொது அளவுகோலுக்குக் கொண்டுவந்தனர். எந்த மொழியில் எத்தனைபேர் எழுதினார்களோ, அந்த விகிதத்திலேயே அம்மொழியினர் தேறவேண்டும் என்பது இதன் விளைவு.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எண்கள் நாம் கற்பித்தவை. ஒரு மொழிக் கூட்டத்தின் சராசரி 50, மற்றதன் சராசரி 40, இரண்டிலும் விலக்கம் 15. இரு கூட்டத்திலும் ஒவ்வொருவர் 70 பெறுகின்றனர். முதற்கூட்டத்தவரின் தரப்படுத்திய புள்ளி 1.33, மற்றவருடையது 2.00. விடைத்தாளில் இருவரும் சமம், பட்டியலில் ஒருவர் வெகு கீழே. முதற்கூட்டத்தின் சராசரி உயர்ந்திருந்ததற்குத் தேர்வாளரின் தாராளமே காரணமாயின் இந்தத் திருத்தம் நியாயமானது. அக்கூட்டத்தில் நன்கு பயின்றவர் மிகுந்திருந்ததே காரணமாயின் இது அநியாயம். கணக்கு இவ்விரண்டில் எது உண்மை என்று சொல்லாது. இரு கூட்டத்தாரும் திறமையில் ஒன்றே என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு, வேறுபாடு முழுவதையும் தேர்வாளரின் தலையில் ஏற்றிவிடுவதே இம்முறையின் உள்ளே ஒளிந்திருக்கும் எடுகோள். ஆய்வுகூடம் இருந்த ஊரும் இல்லாத ஊரும் பற்றி மேலே சொன்னவற்றைப் படித்தவர்களுக்கு அந்த எடுகோள் எவ்வளவு பொய்யானது என்று நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இப்பொழுது மூதூருக்குத் திரும்புவோம். தமிழ் மொழிமூலக் கூட்டம் என்பது யார்? யாழ்ப்பாணத்துப் பெரும்பள்ளிகளின் மாணவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களாலேயே அதன் சராசரி உயர்ந்தது. அதே கூட்டத்தில் மூதூரின் மீனவர் பிள்ளையும், அக்கரைப்பற்றின் உழவர் பிள்ளையும், மலையகத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த அபூர்வமான ஒரு மாணவனும் இருந்தார்கள். ஆய்வுகூடத்தைக் கண்ணால் காணாத அப்பிள்ளைகளின் புள்ளியிலிருந்தும் யாழ்ப்பாணத்தாரின் உயர்ந்த சராசரியே கழிக்கப்பட்டது. வசதியற்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளையைத் தூக்கிவிடுவதற்கென்று சொல்லி வந்த முறை, அவனைப் போன்றே வசதியற்ற தமிழ்பேசும் பிள்ளையை ஒரு படி கீழே தள்ளியது. மறுபுறத்தில், கொழும்பின் புகழ்பெற்ற பள்ளியில் சிங்களத்தில் பயின்ற செல்வர் வீட்டு மகனுக்கு, அநுராதபுரத்துப் பிள்ளைகளால் தாழ்ந்துபோன சராசரி ஊக்கப் புள்ளியாக வந்து சேர்ந்தது. ஏழைக்கு உதவுவதே நோக்கமாயின் இதைவிடப் பொருந்தாத கருவி கிடைத்திராது. தரப்படுத்தலைப் பற்றி எழுதுவோர் யாழ்ப்பாணத்தின் இழப்பைப் பெரிதும் பேசுகின்றனர், அது பேசத்தக்கதே. கிழக்கின் முஸ்லிம் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் அதே தராசில் நிறுக்கப்பட்டதை எவரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை இலங்கையின் கல்வி அமைச்சராக இருந்தவர் அல்ஹாஜ் பதியுதீன் மஹ்மூத் அவர்கள். அலிகரில் பயின்றவர்; கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர்; முஸ்லிம் பள்ளிகளுக்கும் ஆசிரியர் நியமனங்களுக்கும் அவர் செய்த தொண்டினை இலங்கை முஸ்லிம்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். தரப்படுத்தல் அவர் பதவிக்காலத்திலேயே, அவர் பெயராலேயே வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அமைச்சரவை முழுவதும் கூடி எடுத்த முடிவு அது என்று சொல்லி அவருடைய பொறுப்பைத் துடைத்துவிட முடியாது. தம் துறையின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு. ஆனால் 'முஸ்லிம் அமைச்சர் தமிழ் மாணவரின் வாயிலை அடைத்தார்' என்று வடக்கில் பரவிய பேச்சும், அது இரு சமுதாயங்களுக்கிடையே விதைத்த கசப்பும் கணக்கின்முன் நிற்கமாட்டா. மொழிவாரித் தரப்படுத்தலால் தமிழ்மொழி முஸ்லிம் மாணவனுக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை. தமிழ் மாணவன் இழந்ததையே அவனும் இழந்தான். அமைச்சர் 1977 தேர்தலில் நின்று தோற்றது, முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் மட்டக்களப்புத் தொகுதியில்.

மாவட்டக் கணக்கு

மொழிவாரி முறையின் குறை ஆட்சியாளருக்கும் விரைவிலேயே தெரிந்தது. மலைநாட்டுச் சிங்களவரும், முஸ்லிம்களும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆதலால் 1974-இல் தரப்படுத்தலுக்கு மேலே மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அந்தந்த மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் பங்கிடப்பட்டன. 1975-இல் அது முழு வீச்சில் நடைமுறையாயிற்று.

விளைவு கடுமையாக இருந்தது. விஞ்ஞானத் துறைகளில் தமிழ் மாணவரின் பங்கு 1970-இல் 35 விழுக்காட்டைச் சற்றே கடந்திருந்தது. 1975-இல் 19 விழுக்காடாயிற்று. மக்கள்தொகையில் 7 விழுக்காடு கொண்ட வட மாகாணம், 1969-இல் விஞ்ஞானத் துறை இடங்களில் 27.5 விழுக்காட்டைப் பெற்றிருந்தது. 1974-இல் அதுவும் 7 விழுக்காட்டிற்கு வந்து நின்றது. கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணத்துச் சிங்கள மாணவரும் பெரிதும் இழந்தனர். மன்னாரும் வவுனியாவும் அம்பாறையும் ஓரளவு பெற்றன. நுவரெலியா போன்ற மாவட்டங்களில் ஒரு விசித்திரம் நேர்ந்ததையும் அன்றைய ஆய்வாளர்கள் சுட்டினர். தோட்டத் தொழிலாளரான இந்திய வம்சாவளித் தமிழரையும் சேர்த்தே மக்கள்தொகை கணக்கிடப்பட்டு இடங்கள் கிடைத்தன. அவர்களுடைய பிள்ளைகளோ உயர்தரம் வரை எட்டுவதே அரிது. எண்ணிக்கைக்கு அவர்கள், இடத்திற்கு வேறொருவர்!

வட்டார ஒதுக்கீடு என்பது இலங்கை கண்டுபிடித்ததன்று. சீனத்தில் மிங் அரசமரபின் முதல் பேரரசர் காலத்தில், 1397-ஆம் ஆண்டு நடந்த அரசுத் தேர்வில் தேறியோர் அனைவரும் தென்னாட்டவராக இருந்தனர். வடநாட்டார் கொதித்தெழுந்தனர், தேர்வாளர்மீது பழி சொன்னார்கள். பேரரசர் விடைத்தாள்களை மீண்டும் ஆராயச் சொன்னார். ஆராய்ந்தவர்கள் குற்றம் எதுவும் இல்லை என்றனர். அவ்வாறு சொன்னவர்களுக்கும் கொலைத்தண்டனை கிடைத்தது. மறுதேர்வு நடத்தி வடநாட்டவரையே தேறச் செய்தார்கள். முப்பதாண்டுகளுக்குள் வடக்குக்கு இவ்வளவு, தெற்குக்கு இவ்வளவு என்று இடங்கள் நிலையாகப் பங்கிடப்பட்டன. தேர்வாளர்மீது ஐயம், மெய்ப்பிக்கப்படாத குற்றச்சாட்டு, பின்னர் வட்டாரப் பங்கீடு என்னும் அதே வரிசை ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின் இன்னொரு நாட்டில் நிகழ்ந்ததை எண்ணி வியக்கிறோம்.

மொழிவாரிக் கணக்கையும் மாவட்டக் கணக்கையும் ஒன்றாகவே கண்டிப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாவட்டம் என்னும் கூட்டம், ஒரே வகைப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளை ஏறக்குறைய ஒன்றுசேர்க்கிறது. இல்லாத ஆய்வுகூடத்திற்கு ஈடாக ஏதோ ஒன்றைத் தருகிறது. மொழி என்னும் கூட்டமோ, இருப்பவனையும் இல்லாதவனையும் ஒன்றாகக் கட்டி, அக்கட்டை இன்னொரு கட்டோடு மோதவிட்டது. மாவட்ட முறையிலும் ஓட்டைகள் இல்லாமலில்லை. வசதியுள்ளோர் பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டத்துப் பள்ளியில் பதிவுசெய்து தேர்வெழுதவைத்த தந்திரம் பரவியதால், தேர்வுக்கு முந்திய மூன்றாண்டுகள் பயின்ற இடத்தை வைத்தே மாவட்டத்தைக் கணிக்கும் விதி வேண்டியதாயிற்று.

1976-இல் 70 விழுக்காடு இடங்கள் தரப்படுத்திய புள்ளிக்கும், எஞ்சியவை மாவட்டங்களுக்கும் என்று மாற்றினர். 1977-இல் புதிய அரசு வந்து மொழிவாரித் தரப்படுத்தலை நீக்கியது. 1979 அளவில் 30 விழுக்காடு நாடளாவிய தகுதிக்கு, 55 விழுக்காடு மாவட்டங்களுக்கு, 15 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு பங்கீடு அமைந்தது. அதற்குள் நாடு வெகுதூரம் போய்விட்டிருந்தது. 1970-இலேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றியிருந்தது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. தரப்படுத்தலே போரை விளைத்தது என்பார் கூற்று மிகை. 1956-இன் மொழிச்சட்டமும், 1958-இன் கலவரமும், 1972-இன் அரசியலமைப்பும் உண்டு. ஆனால் அவையெல்லாம் தந்தையரைப் புண்படுத்தியவை. இது பதினெட்டு வயதுப் பிள்ளையை நேரே தொட்டது.

அதே கணக்கு மீண்டும்

2000-ஆம் ஆண்டையொட்டி உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. கடினமான பாடத்தை எடுத்தவரையும் எளிய பாடத்தை எடுத்தவரையும் வெறும் மொத்தப் புள்ளியால் ஒப்பிடுவது பொருந்தாது என்ற குரல் வலுத்தது. 2001 தேர்விலிருந்து 'இசட் புள்ளி' நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் சராசரியைக் கழித்து, விலக்கத்தால் வகுத்து, மூன்று பாடங்களின் சராசரியை நான்கு தசம இடங்கள் வரை தருகிறார்கள். இது 1973-இன் அதே கணக்கேயாகும்; ஒரு குறியீடும் மாறவில்லை. மாறியது கூட்டம் மட்டும். இப்போது பௌதிகவியல் எழுதிய தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே கூட்டம், ஒரே சராசரி. முப்பதாண்டுகளுக்கு முன் தரப்படுத்தலை வெறுத்த சமுதாயம் இதனைப் பெரிதாக எதிர்க்கவில்லை. 'தரப்படுத்தல்' என்ற பெயரை மட்டும் இதற்குச் சூட்டாமல் தவிர்த்துக்கொண்டார்கள்!

இம்முறையும் எல்லா இடத்திலும் செம்மையாகப் பொருந்துவதில்லை. மருத்துவத்தை நாடுவோர் ஏறத்தாழ ஒரே மூன்று பாடங்களை எழுதுவதால் அங்கே குறை சிறிது. கலைப்பிரிவில் பாடங்கள் பல. திறமைமிக்கோர் திரண்டெழுதும் பாடத்தில் சராசரிக்கு மேல் ஏறுவது கடினம். வலிமை குறைந்தோர் மிகுந்த பாடத்தில் எளிது. மொழிக்கூட்டத்தில் கண்ட அதே எடுகோள் இங்கே பாடக்கூட்டத்தில் சிறிய உருவில் ஒளிந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டிலும், நுழைவுத் தேர்வை ஒழித்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களைச் சமப்படுத்த ஒரு வழி வகுத்தார்கள். அதில் சராசரியை விட்டு, ஒவ்வொரு வாரியத்திலும் முதலாவதாக வந்தவரின் மதிப்பெண்ணையே கோலாகக் கொண்டனர். ஆயிரக்கணக்கானோரின் நிலை, முன்பின் அறியாத ஒரே ஒரு மாணவர் அன்றைய தினம் எப்படி எழுதினார் என்பதைப் பொறுத்து ஏறவும் இறங்கவும் இடமளித்த ஏற்பாடு அது.

கூட்டம் எது என்னும் கேள்வி ஈழத்தில் நீதிமன்றம் வரையும் சென்றது. 2011-ஆம் ஆண்டு உயர்தரத் தேர்வைப் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை எழுதியோரும், பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் எழுதியோரும் இருந்தனர். வினாத்தாள்கள் வேறு, மாணவரும் வேறு. இருசாராரையும் ஒன்றாகச் சேர்த்தே இசட் புள்ளி கணக்கிடப்பட்டது. மாணவர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2012 ஜூன் மாதத் தீர்ப்பு அந்தப் புள்ளிகளை இரத்துச் செய்தது. இவை இருவேறு கூட்டங்கள். தனித்தனியே கணக்கிடுக என்று ஆணையிட்டது. ஒரே தேர்வெழுதிய பிள்ளைகளைப் பிரித்து அளந்தது 1973-இன் பிழை. வெவ்வேறு தேர்வெழுதியோரைச் சேர்த்து அளந்தது 2011-இன் பிழை. முன்னதைத் திருத்த எந்த நீதிமன்றமும் வரவில்லை.

பங்கீடும் பின்னாளில் மாறியது. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவையாயின. ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்டந்தோறும் வெட்டுப்புள்ளிகளை வெளியிடுகிறது. அந்தப் பதினாறின் பட்டியலை வாசகர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்: நுவரெலியா, அம்பாந்தோட்டை, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவற்றோடு, ஒருகாலத்தில் தன் சராசரி உயர்ந்திருந்ததற்காகத் தண்டம் செலுத்திய யாழ்ப்பாணமும் அதில் இடம்பெற்றிருக்கிறது.